அவர் முகத்துப் பருக்கள்

என் கணவர் துறைமுகத்தில் சிக்னல்மேனாக இருந்தார். கப்பல் தளத்தில் நின்று, எப்போது தூக்கலாம், எப்போது நிறுத்தலாம் என்று கிரேன்காரருக்குக் கையசைத்துக் காட்டும் வேலை. தொண்டையில் வந்த புற்றுநோய், ஒரு வைத்தியம் முடிந்தும் திரும்பி வந்தபோது, டாக்டரம்மா புதிதாக ஓர் ஊசி மருந்தைச் சொன்னார். செல்லின் மேல் ஒரு புரதம் இருக்கிறதாம். ‘வளர்’ என்ற சேதியை உள்ளே அனுப்புவது அதுதானாம். இந்தக் கட்டியில் அது ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கிறது, மருந்து போய் அதை அடைக்கும் என்றார். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. இவர் கரகரத்த குரலில், “ஒருத்தன் கைய இறக்காம நிக்கான், கிரேன் தூக்கிக்கிட்டே இருக்கு. அவன் கையப் பிடிக்கணும், அதானே?” என்றார்.

அந்தப் புரதம் தோலிலும் இருப்பதால் முகத்தில் பரு வருமாம். நன்றாக வந்தால் பெரும்பாலும் மருந்து பிடிக்கிறது என்று அர்த்தமாம். அவ்வளவுதான், விடிந்ததும் அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்ப்பதே என் வேலையாயிற்று. இரண்டாம் வாரம் மூக்கோரம் சிவந்து கிளம்பியது. ஊரெல்லாம் பரு போக மருந்து தேடுகிறது. நான் பரு வந்ததற்கு மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். “அம்பது வயசுல வாலிபம் திரும்பிட்டுளா” என்றார் அவர்.

அரிப்புக்கு டாக்டரம்மா ஒரு களிம்பு எழுதிக் கொடுத்திருந்தார். பரு அடங்கினால் மருந்தும் அடங்கிவிடும் என்று நானாக முடிவுகட்டினேன். வாங்கிய களிம்பைத் தையல் மெஷின் டிராயரில் ஒளித்துவிட்டு, மருந்துக்கடை அண்ணாச்சியிடம் சரக்கு இல்லை என்று இவரிடம் புளுகினேன். அவர் சொறிந்து சொறிந்து தலையணை உறையில் ரத்தம் பட்டது. துவைத்துப் போட்டேனே தவிர களிம்பை எடுத்துக் கொடுக்கவில்லை.

அடுத்த தடவை டாக்டரம்மா முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டபோது உண்மையைச் சொன்னேன். “களிம்பு போட்டா மருந்து வேல செய்யறது நிக்காதும்மா. பாவம், இவர இப்படி அரிக்க விட்டிருக்கீங்களே” என்றார். நான் கூனிக் குறுகிப் போனேன்.

திரும்பும் பஸ்ஸில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“டிராயர்ல இருக்குன்னு எனக்குத் தெரியும்ளா. சட்டைக்குப் பொத்தான் தேடும்போது பாத்தேன்.”

“பின்ன ஏன் எடுத்துப் போடல?”

அவர் வெளியே உப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “காலைல என் மொகத்தப் பாத்து நீ சிரிக்கேல்லா. அது போயிரும்னு விட்டுட்டேன்.”

அன்று முதல் களிம்பை நானே பூசிவிட்டேன். ஏழெட்டு மாதம் மருந்து கட்டியை நிறுத்தி வைத்தது, பிறகு அதனாலும் முடியவில்லை. அவர் போய் இரண்டு வருஷமாகிறது. எனக்கு வேறெதுவும் வேண்டாம். அந்தச் சொரசொரத்த கன்னத்தில் இன்னும் ஒரு தடவை கை வைக்க வேண்டும்.