பட்டினி கிடந்தும் காலியாகாத இரைப்பை

1. ஐந்து கேள்விகள்

மயக்க மருந்து கொடுக்கும் முன் நான் ஐந்து கேள்விகள் கேட்பேன். கடைசியாகச் சாப்பிட்டது எப்போது? தண்ணீர் குடித்தது எப்போது? என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? அலர்ஜி உண்டா? ஆடும் பல் உண்டா?

தேனியில் ஒரு தனியார் மருத்துவமனையில் அனஸ்தீசியா டெக்னீஷியனாக இருக்கிறேன். பித்தப்பைக் கல்லை எடுக்க அனுமந்தன்பட்டியிலிருந்து வந்திருந்த ராஜேஸ்வரி அக்கா ஐந்துக்கும் தெளிவாகப் பதில் சொன்னார். முந்தின இரவு இட்லி சாம்பார், அதோடு சரி. மாத்திரை கிடையாது.

ட்ராலியைத் தள்ளப்போகும்போது, பேச்சுவாக்கில் "பசிக்குதாக்கா?" என்றேன்.

"பசியா? நேத்துத் தின்ன இட்லியே இங்கன நிக்குது ஆத்தா." நெஞ்சுக்குக் கீழே தொட்டுக் காட்டி ஏப்பம் விட்டார். சாம்பார் வாடை வந்தது.

உடன் வந்திருந்த நாத்தனார் செல்வி சிரித்தார். "மதினிக்கு இப்பல்லாம் ஒரு இட்லிதான். வாய்க்கா கரையில ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் நடக்குறோம். அவுக பாதியா எளச்சுட்டாக, நான் அப்படியே கெடக்கேன்."

"நடந்துக்கிட்டே முறுக்கு தின்னா எப்படிடி எளைப்ப?" என்றார் அக்கா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரவு முழுக்கப் பட்டினி கிடந்தவருக்கு இட்லி ஏன் எதுக்களிக்க வேண்டும்?

2. பூ டப்பா

வார்டிலிருந்து பழைய ஸ்கேன் ஃபிலிமை எடுத்து வரும்படி செல்வியை அனுப்பினேன். கதவு மூடியதும் கேட்டேன். "அக்கா, எளைக்குறதுக்கு ஊசி எதுவும் போடுறீங்களா?"

அவர் கதவைப் பார்த்தார். "தம்பி கொச்சியில இருந்து வாங்கியாருவான். ஞாயித்துக்கிழமைதோறும் நானே வயித்துல குத்திக்கிருவேன். நீ மாத்திரையத்தான கேட்ட? செல்விக்குத் தெரியாது. ஃப்ரிட்ஜுல பூ டப்பாவுக்குள்ள வச்சிருக்கேன். நடந்துதான் எளச்சேன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேம்மா."

நாம் சாப்பிட்டதும் சிறுகுடலிலிருந்து ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. அது இன்சுலினைச் சுரக்கச் சொல்கிறது. இரைப்பை உணவை மெதுவாக வெளியே விடும்படி பார்த்துக்கொள்கிறது. போதும் என்று மூளைக்குச் சேதி அனுப்புகிறது. உடம்பில் சுரப்பது சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அதைப் போலச் செய்த ஊசி மருந்தோ ஒரு வாரம் வேலை செய்யும். பசி அடங்குவதால் எடை குறைகிறது. ஆனால் நேற்றைய உணவு இன்றும் இரைப்பையில் கிடக்கலாம். மயக்கத்தில் இருமக்கூட முடியாது. உணவு மேலே ஏறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

ஓடிப்போய் மயக்க மருந்து டாக்டர் மேடத்திடம் சொன்னேன். வயிற்றை ஸ்கேன் பண்ணிப் பார்த்துவிடலாம் என்றார்.

3. முறுக்கு

"பட்டினி இருந்தவங்களுக்கு எதுக்கு ஸ்கேன்? அடுத்த கேஸ் நிக்குது," என்றார் சர்ஜன். நான் சொன்னது தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று பயம் வந்தது. மேடம் ஸ்கேன் கருவியை அக்காவின் வயிற்றில் வைத்தார். இரைப்பை நிறைய திட உணவு.

"இன்னிக்கு வேண்டாம்," என்றார் மேடம். சர்ஜன் திரையைப் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

அக்காவை வெளியே கொண்டுவந்தோம். "வயிறு காலியாகலை, அதனால தள்ளி வச்சிருக்கு," என்று மட்டும் செல்வியிடம் சொன்னேன்.

"களவாங்கித் தின்னீகளா மதினி?"

"ஆமாடி. ரெண்டு முறுக்கு தின்னுபுட்டேன்."

செல்வி தலையில் அடித்துக்கொண்டார். "அடுத்த தடவ அடுப்படியப் பூட்டிப்புட்டு நானே காவலுக்கு உக்காருறேன்."

அடுப்படியைப் பூட்டுவார். பூ டப்பாவைத் திறக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஊசி வழக்கம்போல ஏறும். ஆனால் அந்த ரகசியம் அக்காவுடையது. உடைத்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அவர் முகத்துக்கு நேரே குனிந்து, செல்விக்குக் கேட்காதபடி மெல்லச் சொன்னேன்.

"அக்கா, அடுத்த தடவை வேற ஆஸ்பத்திரி, வேற ஆளா இருக்கலாம். அங்கயும் முறுக்குன்னுதான் சொல்வீங்களா?"

அவர் கண்ணை மூடித் திறந்தார். "செல்வி, முறுக்கு இல்லடி. எளைக்க ஊசி போடுறேன். அதான் வயித்துல எல்லாம் நின்னுபோச்சு."

செல்வி ட்ராலி ஓரம் அக்காவின் கையைப் பிடித்தபடி நின்றிருந்தார். "அப்ப நான் எதுக்கு மதினி அம்புட்டுத் தூரம் நடந்தேன்?" என்றார். ஆனால் அக்காவின் கையை விடவில்லை.

இப்போது என் கேள்விகள் ஆறு. ஊசி எதுவும் போடுகிறீர்களா என்பது ஆறாவது. அதைக் கேட்கும் முன், கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிடுகிறேன்.