கட்டைவிரலுக்கு ஓர் ஓட்டை

எமில் சடோவ்ஸ்கியின் இடது கையில் நான்கு விரல்கள் போன பிறகு அவன் முதன்முதலாக வந்த விருந்து, என் நாத்தனார் மகளின் கல்யாணம். ஏரிக்கரை ஊரான ஈரியில் எங்கள் பேட்டைக் கல்யாணங்கள் தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில்தான் நடக்கும். இருக்கிற நாற்காலிகளை வயசானவர்கள் பிடித்துக்கொள்வார்கள். மற்றவர்கள் ஒரு கையில் தட்டும் ஒரு கையில் பீருமாக நிற்க வேண்டியதுதான். கை கொடுக்க யாராவது வந்தால் டம்ளரைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வோம்.

எமில் தட்டை இடது உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தான். அந்தக் கையில் மிச்சம் இருந்தது கட்டைவிரல் ஒன்றுதான். தட்டு சரிந்து, சாஸேஜும் தக்காளிக் குழம்புமாக மாப்பிள்ளையின் வாடகை ஷூவில் கொட்டியது.

"என்னடா எமில், மாப்பிள்ளை காலுக்கும் பசிக்குதுன்னு உனக்கு யாரு சொன்னா?" என்று ஆல்டோ கத்தினான். கூடமே சிரித்தது. எமிலும் சிரித்தான். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஓர் அம்மாள் வேறு தட்டில் சாப்பாடு எடுத்து வந்து, முள்கரண்டியால் குத்தி, "வாயைத் திற ராசா" என்று அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவன் கோட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். நெல்லா தேடிப் போனபோது காருக்குள் உட்கார்ந்திருந்தானாம்.

நெல்லா அவன் மனைவி. ஆல்டோ கார்னவாலே அவளுடைய அண்ணன். நாங்கள் எல்லோருமே ஒரே பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். எமில் பிளாஸ்டிக்கை வார்க்கும் எஃகு அச்சுகளைச் செய்கிறவன். நான் அச்சிலிருந்து வரும் சாமான்களைச் சோதிக்கிற மேசையில் இருந்தேன். ஆல்டோ முதலில் மெஷினில் நின்றான், பிறகு வாய்ச் சாமர்த்தியத்தால் விற்பனைக்குப் போனான். எமிலின் கை பிரஸ் மெஷினில் மாட்டிய அன்று ஓடி வந்து, அதை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்தவன் ஆல்டோதான். தன் சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றி, சிக்னலில் கூட நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். அதை எமில் ஒரு நாளும் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆல்டோவுக்குச் சாப்பாடு எமில் வீட்டில்தான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க எமில் எந்த விருந்துக்கும் போகவில்லை. வேலை விட்டால் பேஸ்மென்ட். அடுத்த வீடு என்பதால் அங்கே அரம் போடுகிற சத்தம் எனக்குக் கேட்கும். என்னதான் செய்கிறான் என்று பார்க்க ஒரு சனிக்கிழமை இறங்கிப் போனேன். பெயின்ட் டப்பா மூடி ஒன்றில் ஓரமாக ஓட்டை போட்டு, அதில் கட்டைவிரலை நுழைத்துக்கொண்டு நின்றான். ஓவியர்கள் வண்ணப் பலகையைப் பிடிப்பார்களே, அந்த மாதிரி. மூடியின் மேல் வேகவைத்த மொச்சை. விளிம்பில் கம்பியால் கட்டிய வளையம், அதில் தண்ணீர் டம்ளர். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டம்ளர் பக்கமாக எல்லாம் சாய்ந்து, மொச்சை தரையில் உருண்டது.

"வளையம் வெளியே தொங்குது. அதான் இழுக்குது. டம்ளர் உள்ளங்கைக்கு நேர் மேலே வரணும்" என்றான், என்னிடம் இல்லை, தட்டிடம்.

அதற்குப் பிறகு அவன் செய்த தட்டுகளுக்குக் கணக்கில்லை. டம்ளர் குழியைக் கட்டைவிரல் ஓட்டைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். உள்ளங்கை பதியும் இடத்தில் தட்டின் அடியில் ஒரு மேடு வைத்தான். குழம்பு டம்ளர் பக்கம் ஓடாமல் இருக்க நடுவில் ஒரு வரம்பு. ஒயின் கோப்பையின் காம்பு நுழைய ஒரு வெட்டு. ஒவ்வொன்றையும் நெல்லா நிரப்பித் தருவாள். அவன் ஏந்திக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குவான். தன் கைக்குச் சரியாக வந்ததும் அவளிடம் கொடுத்தான். அவளுடைய சின்னக் கைக்கு ஓட்டை பெரிதாக இருந்தது, தட்டு ஆடியது. மறுபடி முதலிலிருந்து. என் கையையும் அளந்தான்.

"உனக்குத்தானே செய்யற? எங்க கை எதுக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கு மட்டும் ஒண்ணு செஞ்சா, ரூமுக்குள்ள நான் ஒருத்தன்தான் அத பிடிச்சிட்டு நிக்கணும், ஐரீன். எல்லாரும் பிடிச்சா யாரும் என்னைப் பார்க்க மாட்டாங்க."

அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். இடது கை தட்டுக்கு அடியில் மறைந்திருக்கும். வலது கையால் எல்லோரையும் போலச் சாப்பிடலாம், குடிக்கலாம், கை குலுக்கலாம்.

ஆல்டோ ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, ஒயினைக் குழியில் வைத்துக்கொண்டு பாஸ்தா சாப்பிடுவான். "இது தட்டாடா, ஸ்டீயரிங்கா?" என்று முதலில் கிண்டல் செய்தான். ஒரு நாள் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தபடியே முழுத் தட்டையும் காலி செய்துவிட்டு அசையாமல் நின்றான். "டேய், ஒரு சொட்டு சிந்தலடா. நான் பாட்டுக்குப் பேசிட்டே இருந்தேன், கையில தட்டு இருக்கறதே மறந்து போச்சு. நீ செய். நான் பேசறேன். நாட்டுல இருக்கற அத்தனை பார்ட்டிக்கும் இது போகும்."

பேச்சு எமிலுக்கு வராது. அதனால் மாதிரித் தட்டுகளை, வரைபடத்தை, எல்லாவற்றையும் ஆல்டோ கையில் கொடுத்தான். ஆல்டோ அவற்றை எடுத்துக்கொண்டு சிகாகோவில் நடந்த வீட்டுச் சாமான் கண்காட்சிக்குப் போனான். பிறகு எங்கள் முதலாளியிடம் பேசினான். வசந்தத்தில் தட்டை எங்கள் தொழிற்சாலையிலேயே செய்வதென்று முடிவாகி, அச்சு வெட்டும் வேலை எமிலிடமே வந்தது. எஃகைக் குடைந்து, மெருகேற்றி, அவன் அதைச் செய்த விதத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விசில் அடித்துக்கொண்டு வேலை செய்யும் எமிலை அதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை. யார் பெயரில் போகிறது, என்ன பேசி முடித்திருக்கிறார்கள் என்று அவன் கேட்கவே இல்லை. பேசுகிறவன் ஆல்டோ. இவனுக்கு அது போதும்.

ஜூன் மாதம் ஏரிக்கரை ஹோட்டலில் அறிமுக விருந்து. ஞாயிறு மதியம், கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஏரி பளபளத்தது. வேண்டுமென்றே ஒரு நாற்காலி கூடப் போடவில்லை. பச்சையும் ஆரஞ்சும் கடுகு மஞ்சளுமாகத் தட்டுகள் அடுக்கியிருந்தன. கடைக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள், முதலாளியின் கோல்ஃப் நண்பர்கள், தொழிற்சாலையிலிருந்து நாங்கள் கொஞ்சம் பேர். எமில் புது சூட் போட்டிருந்தான். மூலையில் நின்று கூட்டத்தைப் பார்த்தான். நீல உடைக்காரி ஒருத்தி பாலாடைக்கட்டியைக் கடித்தபடி, ஒயினை எடுத்து ஒரு வாய் குடித்து, திரும்ப வைத்து, எதிரே வந்தவருக்குக் கை கொடுத்தாள். அவள் தட்டைக் குனிந்து பார்க்கவே இல்லை.

"பாத்தியா ஐரீன்? அவங்களுக்கு ஞாபகமே இல்ல" என்றான் எமில். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அப்போது ஆல்டோ மைக்கைப் பிடித்தான்.

"என் தங்கச்சி வீட்டுக்காரனுக்கு ஒரு விபத்து. நாலு விரல் போச்சு. அதுக்கப்புறம் ஒரு கல்யாணத்துல அவன் தட்டு கீழ விழுந்து, எல்லாரும் சிரிச்சாங்க. அன்னிக்கு என் மனசு உடைஞ்சு போச்சு. தூக்கம் வரல. இவன் மனுஷங்களோட நின்னு சாப்பிட ஏதாவது பண்ணணும்னு உக்காந்தேன். எனக்கு வரையத் தெரியாது, அரம் பிடிக்கத் தெரியாது. அன்பு கத்துக் குடுத்துச்சு."

சிரிக்க வைத்தவனே அவன்தான்.

"எமில்! வா, இப்படி முன்னால வா!"

கூட்டம் வழிவிட்டது. எமில் போனான். போகாமல் என்ன செய்ய முடியும்? ஆல்டோ அவனைத் தோளோடு அணைத்து, அவன் கையிலிருந்த தட்டை வாங்கி வைத்துவிட்டு, அந்த இடது கையைப் பிடித்து எல்லோரும் பார்க்க உயரே தூக்கினான். கேமராக்கள் மின்னின. நீல உடைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எமில் கையை உருவிக்கொண்டான். மைக் பக்கம் குனிந்தான். "ஒரு விஷயம் தப்பா சொல்லிட்டான்" என்றான், தடுமாறாமல். "இத செஞ்சது இந்தக் கை."

 கூட்டம் பலமாகக் கைதட்டியது. என்ன அழகாகச் சொன்னார் என்றார்கள். அந்தக் கை அப்படி ஆனதால்தான் இந்தத் தட்டே பிறந்தது என்று நன்றி சொல்வதாக எடுத்துக்கொண்டார்கள். என் பக்கத்தில் நின்ற கடைக்காரரிடம், "நிஜமாவே அவன்தாங்க செஞ்சான்" என்றேன். அவர் தலையாட்டினார். "ஆமாமா, பாவம், அவருக்காகத்தானே."

எமில் நெல்லாவைத் தேடினான். அவள் கண்ணாடிச் சுவரோரம் நின்றாள். அவன் பார்த்ததும் முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த நொடியில்தான் அவனுக்கு எல்லாம் விளங்கியது.

காரில் நடந்ததை நெல்லா பின்னால் என்னிடம் சொன்னாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்று எமில் கேட்டானாம்.

"ஈஸ்டர்லேர்ந்து. ஆல்டோ சொன்னான். கையில்லாதவன் செஞ்சான்னு சொன்னா ஆஸ்பத்திரிச் சாமான்னு நினைச்சு எவனும் வாங்க மாட்டானாம். கையிருக்கறவன் பாசத்துல செஞ்சான்னா நாடே வாங்குமாம். உன்கிட்ட அவனே சொல்றேன்னான். நீ வேண்டாம்னு சொல்லிடுவியோன்னு எனக்குப் பயம்."

எமில் ஓரமாக வண்டியை நிறுத்தினான். "கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன், நெல்லா. பேரு அவனே வச்சுக்கட்டும்னு சொல்லியிருப்பேன். கைய மட்டும் காட்டாதன்னு சொல்லியிருப்பேன்."

மறுநாள் மாலை அவன் ஆல்டோ வீட்டுக்குப் போனான். ஆல்டோ புல் வெட்டிக்கொண்டிருந்தான்.

"வாடா, ஹீரோ! பேப்பர் பாத்தியா?"

"கதைய மாத்திச் சொல்லு, ஆல்டோ."

"இனிமே எப்படிடா மாத்தறது? அச்சாயிடுச்சு. உன் பங்கு உனக்கு வரும், நான் என்ன திருடனா?"

"பங்கு வேண்டாம். நான் செஞ்சேன்னு சொல்லு."

"சொல்லி? நீ கண்காட்சியில போய் நின்னு பேசுவியா? நாலு பேரைப் பாத்தா நாக்கு ஒட்டிக்கும் உனக்கு. இது வெறும் வியாபாரக் கதைடா. யாருக்கு என்ன நஷ்டம்?" எமில் நகரவில்லை. ஆல்டோவின் குரல் மாறியது. "அன்னிக்கு அந்த மெஷின நிறுத்தினது யாரு? நான் வரலேன்னா முழங்கை வரைக்கும் போயிருக்கும்."

"நீதான் நிறுத்தின. அதுக்கு நன்றி சொன்னேன். மனசாரச் சொன்னேன்" என்றான் எமில். "அதுக்கு நீ விலை கேப்பேன்னு தெரியாது."

அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. எமில் வக்கீல் ஒருவரைப் பார்த்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எல்லாத்தையும் நீங்களே தூக்கிக் குடுத்துட்டு வந்திருக்கீங்களே சார்" என்றார் அவர். அங்கேயே விட்டுவிட்டான்.

தொழிற்சாலையை விட்டு அவன் போவான் என்று நினைத்தோம். போகவில்லை. இலையுதிர் காலத்தில் என் மேசைக்கு வந்த தட்டுகளில் கட்டைவிரல் ஓட்டையின் விளிம்பு கூராக இருந்தது. அச்சு தேய்ந்திருந்தது. ஒன்றை எடுத்துப்போய் அவனிடம் காட்டினேன். "அப்படியே விடு எமில். பத்துப் பேர் கைய அறுத்துக்கட்டும். ஆல்டோ பதில் சொல்லட்டும்" என்றேன். கோபம் எனக்கு அவனைவிட அதிகம்.

விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தான். "ஆல்டோ கையா அறுபடும்?" என்றான். மதியச் சாப்பாட்டுக்குக் கூட எழுந்திருக்காமல் அச்சைச் சரிசெய்து கொடுத்தான். அன்று விசில் இல்லை.

தட்டு சில கோடைகள் நன்றாக ஓடியது. அப்புறம் மலிவாக வேறு ஏதேதோ வந்தது. ஆல்டோ ஃப்ளோரிடாவுக்குக் குடிபோனான். எமில் விருந்துகளுக்குப் போவதை மறுபடியும் நிறுத்தினான். அவனைப் பார்த்தவுடன் ஜனங்கள், "அந்தத் தட்டு உங்களுக்காகத்தானே செஞ்சாங்க?" என்று ஆரம்பித்தார்கள். எந்தக் கையை யாரும் கவனிக்கக் கூடாது என்று நினைத்தானோ, அது ஊருக்கே தெரிந்த கையாகிவிட்டது.

நெல்லா தன் பங்குக்குத் தப்பைச் சரிசெய்யப் பார்த்தாள். சர்ச்சில், கடையில், எதிரே வருகிறவர்களிடமெல்லாம் உண்மையைச் சொன்னாள். கொஞ்ச நாள் பொறுத்துவிட்டு எமில் அதையும் நிறுத்தச் சொன்னான். "நீ சொல்லச் சொல்ல, எல்லாரும் என்னை மறுபடி பாவமா பாக்கறாங்க. போதும்."

ஆல்டோ இறந்த செய்தி வந்தபோது எங்களுக்கெல்லாம் தலை நரைத்திருந்தது. அடக்கத்துக்கு நெல்லா தனியாகப் போனாள். திரும்பி வந்த அன்று எமில் விமான நிலையத்துக்குப் போய் அழைத்து வந்தான். முட்டைக்கோஸ் சூப் வைத்திருந்தான். இருவரும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பாதியில் அவள் கேட்டாள்: "அவனை மன்னிச்சுட்டியா எமில்?"

அவன் யோசித்துத்தான் பதில் சொன்னானாம். "மன்னிச்சுட்டேன்னு நினைக்கறேன். அவன் விக்கறவன். எது கையில கிடைச்சாலும் வித்திருப்பான்." ஸ்பூனைக் கீழே வைத்தான். "உன்னத்தான் இன்னும் முடியல."

"தெரியும்" என்றாள் நெல்லா.

அவன் அவள் கிண்ணத்தை எடுத்துப் போய் இன்னும் கொஞ்சம் சூப் ஊற்றிக்கொண்டு வந்து வைத்தான். இதைச் சொல்லும்போது நெல்லா அழவில்லை. அந்த வீட்டில் அவர்கள் அதற்குப் பிறகும் பல வருஷம் சேர்ந்துதான் இருந்தார்கள். நல்ல மாதிரியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.