மட்டம் பார்க்க இரண்டு பேர்

மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப்புக்குள் ஒரு குமிழி இருந்தாலும் விடமாட்டார். நகத்தால் சுண்டிச் சுண்டி மேலே ஏற்றி வெளியேற்றிவிட்டுத்தான் மறுவேலை. எங்கள் தெருக் கொத்தனாருக்கு, கோணலைக் காட்டிக்கொடுக்கும் கருவியின் பேரால் ‘ரசமட்டம்’ என்று பட்டப்பெயர் வைத்தவன் நான்தான். என் வீட்டுக்கு வந்தால் உட்காரமாட்டார். முதலில் சுவர்க் காலண்டரை நேராக்குவார். “எப்பிடித்தான் இந்தக் கோணலப் பாத்துக்கிட்டே சாப்புடுறீங்களோ!” எனக்கு எரிச்சலாக வரும்.

அவர் வீட்டுப் பின்வாசலைத் தாண்டியதுமே தோட்டம் சரிவாக இறங்கிவிடும். படுத்த படுக்கையாகிவிட்ட மனைவிக்கு வெயிலில் கொஞ்சம் உட்கார ஆசை. நாள் அதிகமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். சக்கர நாற்காலி வாசற்படியிலிருந்து நேராக உருண்டுபோகும்படி, சரிவின்மேல் ஒரு பலகைத் தளம் போட இறங்கினார் கொத்தனார்.

அடித்தளத்துக்கு ஒரு செங்கல்கூட வாங்கவில்லை. கெட்டி மண் தட்டும்வரை குழி, குழியில் உடைகல், அதன்மேல் அடி வெட்டிய பழைய பெயின்ட் வாளி, வாளிக்குள் கான்கிரீட். மேட்டுப் பக்கம் அரை வாளி போதும். பள்ளத்தில் வாளிமேல் வாளி. பன்னிரண்டு தூண்களின் தலையும் ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும்.

அதற்குத்தான் தண்ணீர் நிரப்பிய அந்த டியூப். ஒரு முனை அவர் கையில். மறுமுனை சன்னல் வழியாக அவள் கட்டிலுக்கு. முப்பது வருடம் சித்தாளாக அவர் கூடவே போய் அந்த முனையைப் பிடித்தவள் அவள். சன்னல் சட்டத்தில் கிழித்த கோட்டில் தண்ணீர் நின்றதும் “ம்” என்பாள். இப்போது கை நடுங்குகிறது, தண்ணீர் ஆடுகிறது. அவர் அசையாமல் காத்திருப்பார்.

“நான் பிடிக்கிறேனே மேஸ்திரி, சட்டுனு முடிஞ்சிரும்.”

“காலண்டர் கோணலே ஒங்க கண்ணுக்குத் தெரியல. சும்மா இருங்க சார்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “இது அவ வேலைங்க. இதையும் புடுங்கிட்டா அவளுக்கு வேற என்ன இருக்கு?”



பதினோரு தூண் முடிந்தது. போன செவ்வாய்க்கிழமை காலை, கடைசித் தூணுக்கு டியூப்பைத் தூக்கிப் பிடித்தார். நான் வேலியோரம் நின்றிருந்தேன்.

“நின்னுச்சா?”

சன்னலிலிருந்து “ம்” வரவில்லை.

“ஏம்மா, தூங்கிட்டியா? நின்னுச்சா?”

அவர் முனையில் தண்ணீர் இறங்கியது. நிற்காமல் இறங்கிக்கொண்டே போயிற்று. மறுமுனை கையைவிட்டு விழுந்தால்தான் அப்படி இறங்கும். அது எனக்கே தெரியும்.

அவர் ஓடவில்லை. “அவ படுக்கை நனைஞ்சிரும்” என்று முணுமுணுத்தபடி டியூப்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்தார். நான் உள்ளே ஓடி, அவள் மூச்சு நின்றிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோதும் அவர் சன்னலைப் பார்த்தபடியே நின்றார். விரலை எடுக்கவில்லை.