ஒரு கால் வித்தியாசம்

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு வந்து மரியம்மாள் வீடு எது என்று கேட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள். தறியிலிருந்து அறுத்து வரும் பட்டுப் புடவைகளின் முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவது அவள் தொழில். கை எவ்வளவு வேகமோ, வாய் அதைவிட வேகம். எதிர்வீட்டுக்காரனான எனக்கு ரேடியோவே தேவைப்பட்டதில்லை.

அவள் பெயரை எழுதும்போது எல்லோரும் ‘மாரியம்மாள்’ என்றே எழுதித் தொலைப்பார்கள். “ஒரு காலைச் சேர்த்தா இன்னாம்மா ஆயிடும்?” என்று கேஸ் சிலிண்டர் போடுகிறவர் ஒருமுறை கேட்டார்.

“மாரியம்மா உங்க ஆத்தா. மரியம்மா எங்க ஏசுவோட அம்மா. நீ காலைச் சேர்த்தா ஆளே மாறிடுதுப்பா” என்றாள். மனிதர் அதன்பின் சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார்.

அவளுக்கு உயிர்த்தோழி, நாலு வீடு தள்ளி இருக்கும் காமாட்சியம்மாள். வீட்டில் தறி இருக்கிறது. கணவர் குப்புசாமி நெய்கிறார். காமாட்சி கிருத்திகை விரதம் தவறாதவள், மரியம்மாள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தவறாதவள். நெய்து முடித்த புடவை குஞ்சத்துக்கு வரும் சாக்கில் இருவரும் பேசித் தீர்ப்பார்கள்.

போன ஆயுத பூஜைக்குத்தான் வினை வந்தது. காமாட்சி வீட்டுத் தறிக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்தாயிற்று. சுண்டலுக்காகப் போன நானும் அங்கே இருந்தேன். புடவையைக் கொடுக்க வந்த மரியம்மாளைக் காமாட்சி பூஜை அலமாரிக்கு இழுத்துப் போனாள். முருகனுக்கும் அம்மனுக்கும் நடுவில் புத்தம் புதிதாக ஏசு படம். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு.

“உனக்காகத்தான் வாங்கியாந்தேன். எல்லா சாமியும் ஒண்ணுதானே மரியா?”

மரியம்மாளின் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது. பாசத்தில் வைத்த படம் என்று அவளுக்கும் தெரியும். தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே!

“கடவுள் ஒருத்தர்தான்க்கா, அதுல சண்டை இல்ல. ஆனா அவரு யாருன்னு சொல்றதுல நீயும் நானும் வேற வேற. எனக்காகச் சிலுவையில செத்து எழுந்தவருதான் எனக்குக் கடவுள். அவரைப் பத்தோட ஒண்ணா நிக்க வெச்சா, அது எங்காளு இல்லக்கா.”

“அப்போ நான் கும்புடுறது சாமி இல்லையா?”

“உன் பக்தியை நான் குறை சொல்லலக்கா. ரெண்டும் ஒண்ணுன்னு மட்டும் என் வாயால வராது.”

காமாட்சி படத்தை எடுத்துப் பேப்பரில் சுற்றி அவள் கையில் கொடுத்தாள். அதன்பிறகு அந்த வீட்டுப் புடவைகள் வேறு தெருவுக்குப் போயின. மரியம்மாளுக்கு வேலை போனதில் வருத்தமில்லை, பேச ஆள் போனதில்தான் அழுகை. எங்கள் தெரு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் சொன்ன சொல்லை அவள் மாற்றிக்கொள்ளவில்லை, பிடிவாதக்காரி.

தை மாதம் ஒரு சாயங்காலம் காமாட்சி மரியம்மாள் வாசலில் வந்து நின்றாள். நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

“மரியா, நாளைக்கு இவருக்குக் கண்ணு ஆபரேஷன். பயந்துபோய் சோறே துன்னாம உக்காந்துக்கினு இருக்குறாரு. கண்ணு போனா தறி ஏது? குமரகோட்டத்து முருகன்கிட்ட வேண்டிக்கினேன். அம்மனுக்கும் காசு முடிஞ்சி வெச்சிட்டேன். நீ உங்காளுகிட்ட ஒரு வார்த்தை சொல்லு.”

மரியம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் அந்த வாய் இருக்கிறதே!

“ஏன்க்கா, எல்லாம் ஒண்ணுன்னியே? அங்க சொன்னது இங்கயும் கேட்டிருக்குமே?”

போச்சு, கெடுத்தாள் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

காமாட்சியோ சிரித்துவிட்டாள். “எல்லாம் ஒண்ணுன்னு தலையாட்டுறவங்க தெரு முழுக்க இருக்குறாங்க. வேண்டிக்கிறேன்னு சொல்லிட்டு, படி தாண்டுறதுக்குள்ள மறந்துடுவாங்க. நீ என்கிட்டயே சண்டை போட்ட, உங்காள வுட்டுக் குடுக்கல. நீ சொன்னா அவரு கேப்பாரு. அதான் வந்தேன்.”

மரியம்மாள் காமாட்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, தெருவுக்கே கேட்கும்படி ஜெபம் பண்ணினாள். முதலில் காமாட்சியைத் திருப்பித் தந்ததற்கு நன்றி சொன்னாள். அதற்குப் பிறகுதான் குப்புசாமியின் கண்ணுக்கு வந்தாள்.