மனசில் ஓடுவதைச் சொல்லுங்கோ

செயலிகளைத் திட்டி இந்தப் பக்கத்தில் நான் எழுதியது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். கொழும்பு பஸ்ஸில் ஒரு ஸீட் பதிவு செய்யப் போய், ஒரு பின்னேரம் முழுவதையும் இழந்த கதை. அதை வாசித்துவிட்டு ஒரு பெண்பிள்ளை ஈமெயில் போட்டிருந்தாள். ‘திட்டுறது சுகம் சேர். செய்யிற இடத்தை ஒருக்கா வந்து பாருங்கோ.’

ரோசம் வந்துவிட்டது. போனேன்.

யாழ்ப்பாணம் டவுனில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடி. உள்ளே ஆறேழு இளம் பிள்ளைகள். பயணம் போகிறவர்களுக்காக ஒரு செயலி செய்துகொண்டிருக்கிறார்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை பேர், எத்தனை நாள் என்று சொன்னால் போதும். எந்த வழியால் போவது, எங்கே சாப்பிடுவது, எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்பது... எல்லாவற்றையும் அது ஒழுங்காக அடுக்கித் தரும். முழுக்கத் தமிழில்.

செய்தவர்களுக்கு எல்லாம் சுகமாகத்தானே தெரியும்? அதனால் வெளியாட்களைக் கூப்பிட்டு, பாவிக்கக் கொடுத்து, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்கிறார்கள். இதற்கு ‘யூசர் டெஸ்டிங்’ என்று பெயர். அதை நடத்துகிறவள்தான் எனக்கு ஈமெயில் போட்ட சிந்துஜா.

இரண்டு அறைகள். ஒன்றில் சிந்துஜாவும் சோதனைக்கு வந்தவரும், ஒரு டெப் கணினியும். பக்கத்து அறையில் பெரிய டிவி. வந்தவருடைய முகம், விரல், குரல் எல்லாம் அதில் தெரியும், கேட்கும். டிவிக்கு முன்னால் எனக்கு ஒரு கதிரை தந்தார்கள்.

ஒவ்வொருவரிடமும் சிந்துஜா முதலில் மூன்று விஷயம் சொல்கிறாள்.

“சோதிக்கிறது எங்கடை ‘அப்’பை. உங்களை இல்லை. நீங்கள் இடையிலை மாட்டுப்பட்டாலும் நான் உதவி செய்யமாட்டன், குறை நினைக்காதேங்கோ. மனசிலை என்ன ஓடுதோ அதை அப்பிடியே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு இருங்கோ.”

இந்த மூன்றாவதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஒருவர் தன் மனதில் ஓடுவதைச் சொல்லிக்கொண்டே போக, இன்னொருவர் குறுக்கே விழாமல் கேட்டுக்கொண்டிருப்பது... எங்கள் ஊரில் இது எங்கேயாவது நடக்கிறதா? கலியாண வீட்டில்? கோயில் கூட்டத்தில்? எங்கள் வீட்டில் நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

முதலில் வந்த இளைஞர் நுவரெலியாவுக்குப் போனார் — செயலிக்குள்தான். அடுத்து வந்த வங்கி உத்தியோகப் பெண் திருகோணமலைக்கு. இரண்டு பேரும் இடைக்கிடை தடுமாறினார்கள். சிந்துஜா உதவவில்லை. நான் டிவியைப் பார்த்து, ‘கீழே... கீழே அமத்துங்கோ’ என்று வாய்க்குள் முணுமுணுத்தேன்.

பிறகு வந்தவர்கள் ஒரு கணவனும் மனைவியும். ஊர் அளவெட்டி. புவனம் அக்காவும் தவராசா அண்ணையும் என்று வைத்துக்கொள்வோம். பெயரை மாற்றி எழுதச் சொல்லி அக்காவே கேட்டுக்கொண்டார். அண்ணை வெங்காயமும் புகையிலையும் போடுகிற தோட்டக்காரர். சோதனை அக்காவுக்குத்தான். அண்ணை துணைக்கு வந்தவர்.

வெளியில் காத்திருக்கிற இடத்தில் ஃபான் சுற்றவில்லை. நல்ல வெக்கை. சிந்துஜா அக்காவிடம் கேட்டாள்.

“அம்மா, ஐயாவைப் பக்கத்து அறையிலை இருக்க விடட்டோ? ஆனா அங்கை நீங்கள் கதைக்கிறது முழுக்கக் கேக்கும். விருப்பமில்லாட்டிச் சொல்லுங்கோ.”

அக்கா ஒரு கணம் அண்ணையைப் பார்த்தார்.

“இருக்கட்டும் பிள்ளை. அவருக்கு ஏசி நல்லம்.”

அண்ணை எனக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தார். குடையைக் காலுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “தம்பி, இவவுக்கு உது ஒண்டும் தெரியாது. வீடியோ கோல் எடுக்கிறதெண்டாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுறவ.”

டிவியில் சிந்துஜா வேலையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று நாளில் போய்வரக்கூடிய ஒரு பயணம். சும்மா ஒரு இடம் இல்லை, உண்மையாகவே போக ஆசைப்படுகிற இடம்.

திரையில் படங்கள் வந்தன. கடற்கரை. மலை. கோயில். நீர்வீழ்ச்சி.

“கடல்... எங்களுக்குக் கிட்டத்தானே கிடக்கு,” என்றார் அக்கா. “மலை... குளிர் எனக்கு ஒத்து வராது. கோயிலுக்கு எப்பவும் போறனான்...”

விரல் நின்றது.

“என்ன நினைக்கிறியள் அம்மா?” சிந்துஜாவுக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே கேள்வி அது.

“நான் நினைக்கிற இடத்துக்கு உதிலை படம் இல்லைப் பிள்ளை.”

தேடுகிற கட்டத்தைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அமத்தினார். அ... க்... க... அண்ணையின் கையில் அதுவரை மெல்ல உருண்டுகொண்டிருந்த குடை அசையாமல் நின்றது.

‘அக்கராயன் குளம்’ என்று திரை காட்டியது. வன்னியில், கிளிநொச்சிப் பக்கம். பறவைகள் பார்க்கலாம் என்றது. அரை மணித்தியாலம் போதும் என்றது.

“அரை மணித்தியாலமோ?” அக்கா கேட்டார். “அது காணுமோ காணாதோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? நான் நினைக்கிற அந்த இடத்தைக் கண்டதே இல்லையே.”

அக்கா விரலைத் திரையிலிருந்து எடுத்தார்.

“இடம்பெயர்ந்து போகேக்கை அங்கைதான் கொட்டில் போட்டு இருந்தனாங்கள். எல்லாருக்கும் மலேரியா. எனக்கும் காய்ச்சல், மடியிலை இருந்த பிள்ளைக்கும் காய்ச்சல். நான் ஆஸ்பத்திரியிலை நினைவில்லாமல் கிடந்தன். கண் முழிச்சுப் பாக்கேக்கை இவர் மட்டும் நிண்டார். பிள்ளையை மண்ணிலை தாட்டுப்போட்டு வந்து நிண்டவர்.”

யுத்தம் துரத்த, வலிகாமமே வீட்டைப் பூட்டிக்கொண்டு வன்னிக்கு நடந்த காலம் அது. உங்களில் பலருக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை.

“தாட்டது எவடம் எண்டு கேட்டன். குளத்துப் பக்கம் எண்டார். அவ்வளவுதான். பிறகு எப்ப கேட்டாலும் எழும்பிப் போயிடுவார். சாப்பாட்டிலை இருந்தாலும் எழும்பிடுவார். சாப்பிடாமல் போறாரே எண்டு நான் கேக்கிறதை விட்டிட்டன்.”

அக்கா அழவில்லை. சந்தைக்குப் போய்வந்த கதையைச் சொல்வதுபோல, திரையைப் பார்த்தபடியே சொன்னார். எனக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பக்கத்தில் அண்ணை. மேசையில் டிவி ரிமோட். சத்தத்தைக் குறைக்கலாம் என்று கையை நீட்டினேன்.

“விடுங்கோ தம்பி,” என்றார். “அவ சொல்லட்டும்.”

டிவியில் அக்கா அடுத்த பக்கத்துக்கு வந்திருந்தார்.

“எத்தினை பேர் எண்டு கேக்குது. ரெண்டு எண்டு போடட்டோ... அவர் வரமாட்டார். அப்ப ஒண்டு. ஒண்டு எண்டா நான் தனியப் போய் என்னெண்டு கண்டுபிடிக்கிறது? குளம் எவ்வளவு பெரிசு...”

விரல் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் நின்றது. அமத்தவில்லை.

அண்ணை எழும்பினார். அவ்வளவுதான், படியிறங்கிப் போகப்போகிறார் என்று நினைத்தேன். குடையைக் கதிரையில் வைத்துவிட்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் டிவியில் கதவு திறந்தது. அண்ணை அக்காவுக்குப் பக்கத்தில் நின்றார்.

“புவனம்... நான் அங்கை கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்.”

“தெரியும். இந்தப் பிள்ளை முதலே சொன்னதுதானே.”

“அப்ப தெரிஞ்சுகொண்டோ...”

“வீட்டிலை சொன்னா எழும்பிப் போயிடுவியள். இஞ்சை பிற ஆக்களுக்கு முன்னாலை இருந்து கேப்பியள் எண்டு நினைச்சன்.”

அண்ணை கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். சிந்துஜாவை ஒருதரம் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

“என்னத்தைச் சொல்லச் சொல்லுறாய்? பிள்ளையைச் சுத்த ஒரு துண்டு வெள்ளைத்துணி கிடைக்கேல்லை. உன்ரை சீலையைத்தான் கிழிச்சனான். அந்தப் பச்சைச் சீலை. மழை வேறை. நான் ஒருத்தன்தான். அதை உனக்கு எந்த வாயாலை சொல்லுறது?”

அக்கா திரும்பிப் பார்த்தார்.

“அந்தச் சீலையோ?” என்றார். “அதை நான் எத்தினை நாள் தேடினனான்... ஆரோ களவெடுத்துப்போட்டினம் எண்டெல்லோ நினைச்சன்.”

அப்போதுதான் அக்காவின் குரல் உடைந்தது. பிள்ளையைச் சொன்னபோது உடையாத குரல்.

அண்ணை டெப்பைத் தன் பக்கம் இழுத்தார். வரைபடம் திறந்திருந்தது. இரண்டு விரலால் அதைப் பெருப்பிக்கத் தெரியவில்லை. சிந்துஜா கையை நீட்டிப் பெருப்பித்துக் கொடுத்தாள். அன்று முழுக்க அவள் செய்த ஒரே உதவி.

“இது குளக்கட்டு. இதாலை நடந்து போனா ஒரு வளைவு வரும். அந்த வளைவுக்குக் கீழை.”

அமத்தினார். சிவப்புப் புள்ளி விழுந்தது. இந்த இடத்துக்கு ஒரு பெயர் வையுங்கள் என்று கேட்டது செயலி. அண்ணை மனைவியைப் பார்த்தார்.

“நீங்கள்தான் சொல்லுங்கோ,” என்றார் அக்கா. “அந்தப் பேர் உங்கடை வாயிலை வந்து நான் பிறகு கேக்கேல்லை.”

“செந்தூரன்,” என்றார் அண்ணை.

சிந்துஜாவின் கை கமராவை நோக்கி வந்தது. டிவி இருண்டது. அதற்குப் பிறகு அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியவேண்டியதும் இல்லை.

அவர்கள் போனபின் சிந்துஜா வராந்தாவில் நின்றாள். கண் சிவந்திருந்தது.

“நான் இடையிலை நிப்பாட்டி இருக்கோணுமோ சேர்? அது சோதனையே இல்லை. நான் பிழை விட்டிட்டனோ?”

அவள் நிறுத்தியிருந்தால் அது ஒரு நாகரிகம். அக்காவும் ‘ஓம் பிள்ளை’ என்று சிரித்துவிட்டு நுவரெலியாவுக்கு ஒரு பயணம் போட்டுக் கொடுத்திருப்பார். நாங்கள் எல்லாரும் அப்படித்தானே ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம்? அந்தக் கதையை எடுக்காதே, அவர் தாங்கமாட்டார்... இந்தப் பேச்சை விடு, அவள் அழுவாள்... இரக்கம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த இரக்கத்துக்குள்ளே ஒரு மனுசி பச்சைச் சீலையைத் தேடிக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு மனுசன் அந்த மழையிலேயே நின்றிருக்கிறார்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் கேட்டேன். “உமக்கு எங்கையாவது போக ஆசை இருக்கோ?”

அவள் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். “ஏன்? டொக்டர் என்ன சொன்னவர்?”

ஒன்றும் இல்லை, சும்மா கேட்டேன் என்று அவளை நம்பவைக்க அந்தப் பின்னேரம் போதவில்லை. கேட்டுப் பழக்கம் இல்லாத வீட்டில் கேள்விகூட நோயின் அறிகுறிதான் போலிருக்கிறது. ஆனால் பிறகு சொன்னாள். என்ன சொன்னாள் என்பது இந்தப் பக்கத்துக்கு இல்லை.

போன கிழமை புவனம் அக்காவுக்கு ஃபோன் எடுத்தேன். இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்கத்தான். அண்ணையிடமும் கேட்டுவிட்டு ஓம் என்றார்.

போய்விட்டு வந்துவிட்டார்களாம். வான் பிடித்து, இரண்டு பேரும்தான். குளக்கட்டு அப்படியே இருக்கிறதாம். வளைவுக்குக் கீழே இருந்த பற்றையெல்லாம் வெட்டி, யாரோ வாழை வைத்திருக்கிறார்கள். தோட்டத்துக்காரர் வந்து ஆர் நீங்கள் என்று கேட்டிருக்கிறார். அண்ணையே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் வாழைக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீரை மறித்து வேறு பக்கம் திருப்பிவிட்டு, அவர்களை இருக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். அக்கா பால் ஊற்றிக் கும்பிட்டிருக்கிறார். பொழுது சாயும்வரை அந்த ஈர மண்ணில் இருந்திருக்கிறார்கள்.

“அழுதீங்களோ அக்கா?”

“அவர்தான் அழுதவர். நான் பக்கத்திலை இருந்தனான்.”

சிந்துஜாவுக்குச் சொல்லவாவது உதவுமே என்று, செயலி காட்டிய வழி சரியாக இருந்ததா என்று கேட்டேன்.

“அந்த அப்பையோ? திறக்கவே இல்லைத் தம்பி,” என்றார் அக்கா. “அவருக்கு வழி தெரியும்.”