தம் போட்ட ஸ்ட்ராபெரி கேக்

எசென்ஸ் வேண்டாம், நிஜ ஸ்ட்ராபெரிப் பழம் போட்ட கேக்தான் வேண்டும் என்றாள் மகள். பிறந்தநாளன்று ஆம்பூர் பேக்கரிக்குப் போனால் கரண்ட் இல்லை, ஓவன் ஓடவில்லை. வாங்கி வந்த பழமோ நாளைக்குத் தாங்காது.

பேக்கரி மாஸ்டர் கல்யாண பிரியாணியும் செய்கிறவர். மருதாணி போட்ட தாடி. அடுப்பில் எதை வைத்தாலும் மூடியைத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். அன்று கேக்கை பிரியாணி தேக்சாவுக்குள் வைத்து, மைதா மாவால் மூடியை ஒட்டி, மேலே கரி நெருப்பைப் பரப்பினார்.

“பிரியாணி வாசம் வந்துடுமா பாய்?”

“வந்தா ஜாஸ்தி சாப்பிடுவாங்க. இன்னாத்துக்கும்மா பேஜாராகுறே?”

தம் உடைத்து மூடியைத் திறக்கும்போது கண்ணை இறுக மூடி, முகத்தைத் திருப்பிக்கொண்டார். “நீயே பாரும்மா. எனக்கு பயமா இருக்கு.”

கேக் மெத்தென்று எழும்பி, பழச்சாறு ஊறிச் சிவந்திருந்தது.

“சூப்பரா வந்திருக்கு பாய்!”

அப்போதும் அவர் முதலில் ஒரு கண்ணைத்தான் திறந்தார்.