தலைக்கு ஒரு வரி, காலுக்கு ஒரு வரி

போன வாரம் நான்கு நாட்கள் நான் ஹார்பர் வாசலில் கிடந்தேன். கப்பல் ஏற அல்ல. கப்பலிலிருந்து இறங்கிய ஓர் இரும்புக் கோபுரத்துக்குப் பெயர் வைக்க!

குழந்தைக்குப் பெயர் வைப்பது சுலபம். காதில் மூன்று தடவை சொன்னால் முடிந்தது. இரும்புக்குப் பெயர் வைக்க கஸ்டம்ஸ் அப்ரைசர் வேண்டும். அந்தப் பெயரைப் பொறுத்துத்தான் வரி.

கரையான்சாவடி ஏகாம்பரம் என் சிநேகிதர். மல்லிகைத் தோட்டக்காரர். சித்திரை பிறந்தால் கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விடும். அவருடைய ஒரே ஜோடி மாடு நாள் முழுக்கத் தோல்சால் இழுத்துத் தண்ணீர் இறைத்தால்தான் செடி பிழைக்கும். ஒரு நாள் விட்டால் மொட்டு உதிரும். நாலு நாள் விட்டால் செடியே கருகும். மாட்டுக்கோ வயசாகிவிட்டது.

அதனால் மனைவி அலமேலுவின் காசுமாலையை விற்று, மவுண்ட் ரோடு கம்பெனி ஒன்றின் மூலம் சீமையிலிருந்து காற்றாடி பம்பு வரவழைத்தார். உயரமான கோபுரத்தின் மேல் ஒரு சக்கரம். காற்றடித்தால் அது சுற்றும். அது சுற்றினால் கீழே தண்ணீர் வரும். மாட்டுக்கு ஓய்வு.

கம்பெனிக்காரர்கள் தலையாகிய சக்கரத்தை ஒரு கப்பலிலும், நாலு கால் கோபுரத்தை அடுத்த கப்பலிலும் ஏற்றிவிட்டார்கள். சக்கரம் போன மாதமே வந்தது. ‘இயந்திரம்’ என்று எழுதி, குறைந்த வரி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அது மாட்டுக் கொட்டகையில் காலுக்காகக் காத்திருந்தது.

கால் வந்தது. கூடவே தலைவலியும் வந்தது.

அப்ரைசர் நெற்றி நிறைய விபூதி, அதற்கு மேல் தலைப்பாகை, மூக்கு நுனியில் கண்ணாடி சகிதம் கோபுரத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

“இது என்னப்பா?”

“காத்தாடி கோபுரம் சாமி.”

“காத்தாடி எங்கே?”

“ஊட்ல கீது சாமி.”

“அப்போ இது வெறும் கோபுரம். இரும்புக் கட்டுமானம். வரி வேறே.”

எவ்வளவு வேறே? இன்னொரு காசுமாலை அளவுக்கு வேறே! அலமேலுவிடம் இருந்தது ஒன்றுதான். வரி கட்டாவிட்டால் கோபுரம் ஹார்பர் ஷெட்டிலேயே துருப்பிடிக்கும். மல்லிகை தோட்டத்திலேயே காயும்.

இங்கிலீஷ் படித்தவன் என்ற தைரியத்தில் நான் புகுந்தேன். “கோபுரம் இல்லாமல் சக்கரத்தை ஆகாயத்திலா சார் மாட்டுவது?”

அவர் கோபிக்கவில்லை. எந்தச் சரக்குக்கு என்ன வரி என்று போட்டிருக்கும் தடிமனான டாரிஃப் புத்தகத்தைப் புரட்டினார். பாலமா? இல்லை. தந்திக் கம்பமா? இல்லை. வயர்லெஸ் கம்பமா? ஐயையோ, இல்லை. கொடிக்கம்பமா? நான் வாயைத் திறப்பதற்குள் அவரே அவசரமாகப் பக்கத்தைத் திருப்பிவிட்டார். ‘எந்தக் கொடி? வெள்ளைக்காரன் கொடியா, நம் கொடியா?’ என்று அடுத்து கேட்க வேண்டி வருமே!

“ரெண்டும் ஒரே கப்பல்ல வந்திருந்தா இது காற்றாடிக்குக் கால். தனியா வந்தா கட்டுமானம். ரெண்டும் பொருந்தறதை என் கண்ணால பார்த்தா, இயந்திரத்தோட பாகம்னு எழுதித் தரேன்” என்றார்.

மனுஷர் நல்லவர். அதைச் சொல்லியே ஆகவேண்டும். நம் ஆபீஸ்களில் எல்லோருமே நல்லவர்கள்தான்... ரூல்தான் பொல்லாதது.

ஏகாம்பரம் ஊருக்கு ஓடினார். கிணற்றடியில் பூட்டியிருந்த மாட்டை அவிழ்த்து வண்டியில் பூட்டி, சக்கரத்தை ஏற்றினார்.

“மாட்ட இட்டுகினு பூட்டா தண்ணி யார்யா எறைக்கிறது?” என்றாள் அலமேலு.

“ஒரு நாளு தானே? தோ வந்துர்றேன்!”

வாடகை வண்டி பிடித்திருக்கலாம். அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கவர்ன்மெண்ட் காரியம் என்று கிளம்பும்போது நமக்கு மூளை வேலை செய்வதில்லை.

சக்கரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சரமும் சுற்றியிருந்தார். வழியில் வானகரத்தில் ஒரு பெரியவர் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஹார்பர் கேட்டில் குமாஸ்தா கையை நீட்டி மறித்தார். “வெளியிலேருந்து உள்ளே போற சரக்கு எக்ஸ்போர்ட். அதுக்கு பில் வேணும். எந்த நாட்டுக்கு அனுப்பறே?”

“நாட்டுக்கா? தோ, அந்த ஷெட்டுக்கு நைனா!”

“ஷெட்டு நாடு இல்லியேப்பா!”

எக்ஸ்போர்ட் செய்யலாம் என்றால், வெளியே எடுத்து வரும்போது அது இம்போர்ட். அதற்கு மறுபடி வரி! தலை வெளியே, கால் உள்ளே, நடுவில் இரும்பு கேட். அப்ரைசர் கேட்டைத் தாண்டி வந்து சரக்கைப் பார்க்க ரூல் இல்லை. சக்கரம் கேட்டைத் தாண்டி உள்ளே வர ரூல் இல்லை. இப்படியே இரண்டு நாள் ஓடியது. மாடு நிழலில் நின்று அசை போட்டது. அதற்குத்தான் உண்மையில் ஓய்வு கிடைத்தது.

மூன்றாம் நாள் அப்ரைசருக்கே மனம் தாளவில்லை. கூலிகளை விட்டுக் கோபுரத்தின் ஒரு காலைக் கேட் பக்கம் தூக்கிவரச் செய்தார். உள்ளே அவர் டேப் வைத்து அளந்து இன்ச் கணக்கில் சொன்னார். வெளியே ஏகாம்பரம் சக்கரத்தை அளந்து விரல்கடை கணக்கில் சொன்னார். நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்ச்சை விரலாகவும் விரலை இன்ச்சாகவும் மொழிபெயர்த்தேன். எம்.ஏ. படித்ததன் பயனை அன்றுதான் அடைந்தேன்.

கணக்கு ஒத்துவரவில்லை. விரல் ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும் அல்லவா?

கடைசியில் அப்ரைசர் கோபுரத்தின் போல்ட் ஒன்றைக் கம்பி இடுக்கு வழியாக நீட்டினார். சக்கரத்தின் துளையில் அது சுகமாக உட்கார்ந்தது. அந்த போல்ட் இம்போர்ட்டா, எக்ஸ்போர்ட்டா என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை. ‘இயந்திரத்தின் பாகம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

நாலாம் நாள் கரையான்சாவடிக்குத் திரும்பினோம். முன்னால் தலை, பின்னால் வாடகை வண்டியில் கால். (இப்போது தோன்றியது!) ஏகாம்பரம் வண்டியிலிருந்து குதித்து, காகிதத்தை ஆட்டிக்கொண்டு ஓடினார்.

“அலமேலு! கவர்மென்ட்டே இத்த மிஷின்னு ஒத்துகினு கீது!”

தோட்டத்தில் பாதி கருகிக் கிடந்தது. மீதிப் பாதி பச்சையாக, அடியில் ஈரத்தோடு நின்றது. அலமேலு கிணற்றடியில் குடத்தோடு நின்றிருந்தாள். கயிறு இழுத்த உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துப் போயிருந்தன. எனக்கு நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

காகிதத்தை அவள் வாங்கவில்லை.

“அது மிஷினு. சரி. நாலு நாளா நானு கொடம் கொடமா எறைச்சி ஊத்திகினு கீறேனே... என்னை இன்னான்னு எழுதிகினு வந்தே?”

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். படித்தவன் நான்தானே?

மறுநாள் அப்ரைசரிடம் கேட்டு, அந்தத் தடிப் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை புரட்டிப் பார்த்தேன். ஆணிக்கு அதில் இடம் இருக்கிறது. அந்த அம்மாளுக்கு இல்லை.